அம்பாளுக்குப் போன டொலர்

மூன்று மணி நேரம் இருபது நிமிடமாக யதுசா அடுத்தவர் காசை எண்ணிக்கொண்டிருந்தாள். கோயிலின் அன்னதான மண்டபத்தில் நீள மேசை போட்டு உண்டியலைக் கவிழ்த்திருந்தார்கள். குவியல் பாதிகூடக் குறையவில்லை.

"இந்தக் காலத்தில எந்தப் பிள்ளை கேளாமல் வந்து உண்டியல் எண்ணுது?" என்றாள் எதிரே இருந்த புஸ்பவதி. "என்ர மகளும் இருக்கிறாளே. சனிக்கிழமை ரண்டு மணிக்குத்தான் கண் முழிப்பாள்."

"படிப்புக் களைப்பாய் இருக்கும், அன்ரி."

"ஓம், போனில படிச்ச களைப்பு."

யதுசாவின் கை சில்லறையில் இருந்தது. கண் தாள் காசுக் குவியலில் இருந்தது. ரப்பர் பட்டி போட்ட ஒரு பச்சைச் சுருளைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள். அதில் அறுபது தாள்கள்.

காலையில்தான் அம்மா சொன்னாள். "நேற்று உன்ர ஜாக்கெற்றைத் தோய்க்க எடுத்தனான். பையுக்குள்ள டொலர். ஹோட்டலுக்கு வாற அமெரிக்கக்காரர் தந்ததுதானே? வெள்ளிக்கிழமையாக் கிடந்துது, அப்பிடியே அம்பாளுக்குப் போட்டிட்டன். ஆவணிக்குள்ள உனக்கு ஒரு கலியாணம் சரிவரவேணும்."

யதுசா எந்த ஹோட்டலிலும் வேலை செய்யவில்லை. ஜெர்மனியில், டோர்ட்மண்ட் தமிழர் கண்ணில் படாத தூரத்தில், ரயிலில் நாற்பது நிமிடம் தள்ளி, ஒரு கிளப்பின் மேடையில் உடுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஆடினாள். அங்கே வருகிறவர்கள் தாளுக்குப் பத்து யூரோ கொடுத்து, கிளப் அச்சடித்த போலி டொலரை வாங்கி, ஆடுகிறவளின் இடுப்பில் செருகுவார்கள். அதைத் திருப்பிக் கொடுத்தால் பாதிப் பெறுமதிக்கு யூரோ கிடைக்கும்.

முன்பு ஒரே சனிக்கிழமையில் அறுபது தாள் சேர்ந்துவிடும். இந்த முறை ஆறு வாரம் ஆனது. ஆண்கள் வீட்டிலிருந்தே கைபேசியில் பார்த்துவிடுகிறார்கள். வருகிற நாலு பேரும் ஆளுக்கொரு பியரை வைத்துக்கொண்டு இரவைக் கடத்துகிறார்கள். மேடைக்காக அவள் கட்டுகிற வாடகை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

இப்போது கிளப்பையே மூடப்போகிறார்கள். இன்று மாலை ஆறு மணிக்குள் தாள்களைக் கொண்டுவந்தால் காசு தருவதாக முதலாளி சொல்லியிருந்தான். முந்நூறு யூரோ. அவளிடம் இந்த மாதத்துக்கு வேறு காசு இல்லை. நேற்று அவனுக்கு அனுப்பிய செய்திக்குப் பதில் வரவில்லை. அவன் எதற்கும் பதில் போடுகிறவன் அல்ல.

"ஐயோ, இதென்ன கூத்து!"

புஸ்பவதி சுருளை விரித்துப் பிடித்திருந்தாள். "டொலர் எண்டு எடுத்தன். கிழவன்ர படம் இருக்கிற இடத்தில ஒரு குமரி குந்திக்கொண்டிருக்கிறாள். உடம்பில ஒரு பொட்டுத் துணியில்லை!"

"எந்தக் குரங்கு அம்பாளோட பகிடி விட்டது?" என்றார் ஒருவர். மேசையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். யதுசாவும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் யாராவது கவனிப்பார்கள்.

பொருளாளர் கணேசலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. நெற்றி நிறைய விபூதி பூசிய மனிதர். முழங்கால் தெரிய வருகிற பெண்பிள்ளைகளை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவர். மற்றவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தபோது அவர் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

"அது செல்லாது. இஞ்ச தாங்கோ."

"கிழிச்செறியுங்கோ அண்ணை, அருமந்த நாளில."

"எறியிறன்." சுருளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் வெளியே போனார்.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாக இன்னும் பத்து நிமிடம். அடுத்த ரயிலை விட்டால் ஆறு மணிக்குள் போய்ச் சேர முடியாது. யதுசா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

அவர் பின்வாசலில், காகிதம் போடுகிற நீலத் தொட்டிக்கு முன்னால் நின்றார்.

"மாமா."

திரும்பினார். தோழியின் மகனுடைய விளையாட்டுக் காசு, நாடகத்துக்கு வாங்கியது என்று இரண்டு மூன்று பொய்களை அவள் யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் வாயில் வரவில்லை.

"எறியாதேங்கோ. அது... எனக்கு வேணும். ஆறு மணிக்குள்ள வேணும்."

ஏன் என்று கேட்பார். பிறகு சமையலறையில் நிற்கிற அம்மாவைக் கூப்பிடுவார். பிறகு இந்தக் கோயில் வாசலை அம்மாவும் மிதிக்க ஏலாது.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. சுருளை எடுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தார்.

"அம்மாட்டை..."

"சொல்லமாட்டன்."

நன்றி சொல்லக்கூட நேரமில்லை. தெருப் படலையை நோக்கி ஓடினாள்.

"பிள்ளை, நில்லுங்கோ."

நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. நீலத் தொட்டியின் மூடியைத் திறந்தார், மூடினார்.

"ஓடிப் பிரயோசனம் இல்லை."

"இல்லை மாமா, இண்டைக்கு ஆறு மணி மட்டும் திறந்திருக்கும் எண்டவன்."

அவர் குரல் மிகவும் தாழ்ந்துபோனது.

"முந்தநாள் நான் போகேக்கையே பூட்டிக் கிடந்தது, பிள்ளை."