ஒட்டகத்தின் வால்

கர்ரக்... ப்ர்ரீப்!

சங்க அறையில் ரேடியோ கத்தியது. கத்தி ஓய்வதற்குள் அடுத்த கத்தல்.

"அந்த லாண்டரிக்காரன்தான்!" செயலாளர் சட்டையில் டீயைச் சிந்திக்கொண்டார்.

அமெச்சூர் ரேடியோ சங்கத்தில் எல்லோர் வண்டியிலும் ஒரு சின்னக் கருவி உண்டு. வண்டி இருக்கும் இடத்தை அது ரேடியோவில் தானாகவே சொல்லும். உறுப்பினர்களின் திரையில், ஊர் வரைபடத்தில், ஒரு புள்ளி விழும். புள்ளிகள் சேர்ந்தால் போன வழி கோடாகத் தெரியும்.

மற்றவர்கள் கருவி எப்போதாவது சொல்லும். லாண்டரிக்காரருடையது மூச்சுக்கு ஒரு தரம்.

"சாயங்காலமானா சுத்தின இடத்தையே சுத்தறான். வேற யாரும் வாயைத் திறக்க முடியலை. இன்னிக்கு அவனைச் சங்கத்தை விட்டே தூக்கறேன்!"

பொருளாளர் திரையை உற்றுப் பார்த்தார். "சார், இது சும்மா சுத்தலை. நாலு கால் இருக்கு. முதுகுல மேடு... ஒட்டகம் சார்!"

"என்னது?"

"கழுத்து காய்கறிக் கடை வழியாப் போகுது பாருங்க."

இருவரும் காரில் பறந்தார்கள். தண்ணீர்த் தொட்டி அருகே ஆள் சிக்கினார். ஸ்கூட்டரின் இரண்டு பக்கமும் தேய்த்த சட்டைகள். பின்னாலேயே பனியனோடு ஒருவர் ஓடி வந்துகொண்டிருந்தார்.

"யோவ்! என் சட்டையைக் குடுத்துட்டுச் சுத்தேன்யா! பொண்ணு வீட்டுக்காரங்க வந்து உட்கார்ந்திருக்காங்க!"

செயலாளர் குறுக்கே காரை நிறுத்தினார். "இறங்குய்யா கீழே!"

"சார், வால் மட்டும் பாக்கி. முடிச்சிட்டு வந்து திட்டு வாங்கிக்கறேனே?"

"ரேடியோ என்ன உனக்குச் சிலேட்டா? யாருக்குய்யா இந்த ஒட்டகம்?"

லாண்டரிக்காரர் தொங்கிய சட்டை ஒன்றை நீவிவிட்டார்.

"சொல்லாட்டி இன்னியோட உனக்கும் சங்கத்துக்கும் சம்பந்தமில்லை."

"அது மட்டும் வேண்டாம் சார். ராத்திரி ஒண்டியா துணி தேய்க்கறவன். சங்கத்து ரேடியோவை விட்டா எனக்குப் பேச்சுத் துணைக்கு யாரு?" ஸ்கூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்க அண்ணனுக்குத்தான் சார்."

செயலாளர் முகம் சுருங்கியது. மொட்டை மாடியில் யார் ஆன்டெனா வைப்பது என்ற சண்டையில் அண்ணனோடு பேச்சை முறித்தவர். அண்ணன் இடுப்பு ஒடிந்து படுத்த பிறகும் அவர் வீட்டுப் படியேறவில்லை.

"அந்த ஆளுக்கும் எனக்கும் என்ன?"

"லாண்டரிக்கு பெட்ஷீட் எடுக்க அவர் வீட்டுக்குப் போனேன் சார். படுக்கைக்கு எதிரே நம்ம சங்கத்து வரைபடத் திரை. 'தம்பி தினமும் தெருமுனை வரைக்கும் வரான்யா. கொஞ்ச நேரம் நிக்கறான். அப்படியே திரும்பிடறான். புள்ளி திரும்பறதைத்தான் பார்த்துத் தாங்க முடியலை'ன்னு அழுதார். அதான், நீங்க அங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே எதையாவது வரைய ஆரம்பிச்சுடறேன். அது யானையா, கோழியான்னு மண்டையை உடைச்சுக்கிட்டு, உங்க புள்ளியை விட்டுடுவார்."



செயலாளர் டீக் கறையையே துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"வால் எங்கே வரணும்?"

"தெருமுனையில ஆரம்பிச்சு... உங்க அண்ணன் வாசல்ல முடியணும் சார்."

"நீ இவர் சட்டையைக் குடு. வாலை நான் போட்டுக்கறேன்."

பொருளாளரை ரோட்டிலேயே மறந்துவிட்டு கார் கிளம்பியது. தெருமுனையில் வழக்கம்போல் கொஞ்ச நேரம் நின்றது.

அப்புறம் உள்ளே திரும்பியது.

லாண்டரிக்காரர் பனியன்காரரிடம் சட்டையை நீட்டிவிட்டு, அடுத்த வீட்டுத் துணியோடு ஸ்கூட்டரை மெல்ல உதைத்தார்.