வீரத் தழும்பு

"ஏங்க, கார் கதவுல இருந்த கீறல் எங்கே?"

"பாலிஷ் போட்டு எடுத்துட்டேன்," என்றார் கணவர் பெருமையாக. "இனி பூதக்கண்ணாடி வச்சுத் தேடினாலும் கிடைக்காது."

பெயின்ட் பிரிவுக்குத் தலைவியான மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பந்தயத்தில் ஜெயித்த காரைப் போலவே நூறு கார்கள் மட்டும் தயாரித்தது கம்பெனி. அந்தக் காரின் கதவில் இருந்த கீறல் உட்பட. கடைசி வளைவில் எதிராளி உரசிய 'வீரத் தழும்பு' என்று விளம்பரத்தில் அதற்குத் தனிப் பக்கமே உண்டு. ஒவ்வொரு கதவிலும் அதைக் கையால் போட்டவள் அவள்தான். கணவரோ பஸ் பிரிவிலிருந்து இன்று காலைதான் மாற்றலாகி வந்திருந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"வீட்லதான் எல்லாம் உன்னைக் கேட்டுக் கேட்டுச் செய்யறேன். இங்கேயாவது சுயமா ஒண்ணு செய்யலாம்னு பார்த்தேன்."

"நல்லா செஞ்சீங்க. இது நூறாவது வண்டி. ஜெயிச்ச பொண்ணுக்கே கம்பெனி பரிசா கொடுக்கறது. மேனேஜருக்குத் தெரிஞ்சா உங்க வேலை போயிடும்."

அவள் கீறல் போடும் ஊசியைத் தேடி எடுப்பதற்குள் அந்த வீராங்கனையே தன் அப்பாவுடன் உள்ளே வந்துவிட்டாள். காரைச் சுற்றி வந்தவள், கதவருகே நின்று விரலால் தடவினாள். முகம் வாடியது.

"கீறல் இல்லையே? அதுக்காகத்தானே ஆசையா வந்தேன்."

கணவர் முன்னால் வந்தார். "தப்பு என்னோடதும்மா. இவங்க மேல ஒண்ணும் இல்ல. கீறலைக் கண்டா என் கை சும்மா இருக்காது."

"அஞ்சு நிமிஷம் கொடும்மா," என்றாள் மனைவி. "அச்சு அசலா போட்டுடறேன். எதிராளி வண்டி எப்படி உரசியிருக்கும்னு எனக்கு மனப்பாடம்."

"எந்த வண்டியும் உரசலைக்கா," என்று சிரித்தாள் வீராங்கனை. "எல்லைக்கோட்டைத் தாண்டுறப்போ கதவு பளபளன்னுதான் இருந்தது."

"அப்போ அந்தக் கீறல்?"

அப்பா தொண்டையைச் செருமினார்.

"பொண்ணு ஜெயிச்சா அப்பன் சும்மா நிப்பானா? ஓடிப் போய் வண்டியைக் கட்டிப்பிடிச்சேன், வாட்ச் கீறிடுச்சு," என்றவர், அதே வாட்ச் தெரியும்படி சட்டைக் கையை மடித்துவிட்டுக் காரை நெருங்கினார். "கொஞ்சம் தள்ளிக்கோங்க. இதுல அசலே போட்டுடலாம்."