மேல் முனை

தட்டு இன்றும் சாய்ந்துதான் உட்கார்ந்தது. அலமாரியின் இரு பக்கப் பலகைகளிலும் ஓட்டைகள் ஒரே உயரத்தில் விழ, சூசை ஒரு பிளைவுட் பட்டையை அச்சாக வைத்திருந்தான். அதைத் தலைகீழாக வைத்துவிட்டால் எல்லாமே அரை இஞ்ச் தள்ளிப்போகும். அதற்காகத்தான் மகள் பிலோமி ஒரு முனையில் பென்சிலால் “மேல்” என்று எழுதிக்கொடுத்திருந்தாள். பிள்ளையைக் காய்ச்சல் கொண்டுபோய் நான்கு வருடம் ஆகிறது. அந்த எழுத்தை அவனுடைய கை வேர்வையே தின்றுவிட்டது.

“மூணாவது பலகையும் வீணாப் போச்சு. அளந்து பாத்து நீங்களே எழுதிருங்களேன்” என்று மனைவி ரோணிக்கம் பென்சிலை நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. “அவ அழுத்தித்தான எழுதுவா. தடம் இருக்கும்” என்று இரண்டு முனைகளையும் கட்டைவிரலால் மாறி மாறித் தடவினான். இரண்டும் ஒன்றுபோலவே வழுவழுவென்றிருந்தன.

 ரோணிக்கம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தானும் விரலை நீட்டினாள்.

“பையத் தடவு” என்றான் சூசை. “அழிஞ்சிரப் போவுது.”