மாமரத்துக்கு ஒரு குடம்

“மரத்தை வெட்டணும்னு கேஸ் போட்டிருக்கியே, கண்ணைத் தொறந்து பாரு! எம் பொண்டாட்டி தினம் ஒரு குடம் தண்ணி ஊத்துறா!”

பக்கத்து வீட்டு ராஜவேல் காதில் விழட்டும் என்றே அந்தோணிசாமி கத்தினான். சவரியம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. குடத்தைக் கவிழ்த்து, மாமரத்தின் அடியில் கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினாள்.

விடிவதற்கு முன்பே, குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு உப்பளத்து வேலைக்குப் போகிறவள் அவள். வெயிலேறித் திரும்பும்போதும் இடுப்பில் குடம் நிறைந்தே இருந்தது. அதையெல்லாம் கவனிக்க அந்த மனுஷனுக்கு ஏது நேரம்? அவன் உலகத்தில் இருந்ததே ஒரு மரம், ஒரு கேஸ்.

மரத்தின் வேர் தன் வீட்டுச் சுவரைப் பிளந்துவிட்டது என்று ராஜவேல் போட்ட வழக்கு. ஒன்பது வருஷமாக இழுக்கிறது. திண்டிவனம் கோர்ட்டில் வாய்தா என்றால் அந்தோணிசாமி காய்ச்சலோடும் பஸ் ஏறிவிடுவான். ஊர் இவர்களுக்குக் ‘கேஸ் வீடு’ என்றே பேர் வைத்துவிட்டது.

மகள் கீதாஞ்சலியைப் பெண் பார்க்க வந்த இரண்டு இடமும் அதைக் கேட்டுத்தான் நழுவிக்கொண்டது. மூன்றாவதாக வந்த கிளியனூர்க்காரர்கள் தங்கமான மனுஷங்க. “கேஸ் முடியட்டும்ங்க, அப்புறம் பேசலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

“அந்த மரத்தை வெட்டித் தொலைச்சிட்டா என்னங்க?” என்று சவரியம்மாள் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். சோற்றுத்தட்டு வாசலில் போய் விழுந்தது. அது மாசி மாசம். மறுநாளிலிருந்துதான் அவள் மரத்துக்கு ஊற்ற ஆரம்பித்தாள்.

சித்திரையில் மரம் பிஞ்சுகளை எல்லாம் உதிர்த்தது. ஆனி பிறப்பதற்குள் இலை கருகி மொட்டையாக நின்றது. “ஐயோ, செத்துப்போச்சே!” என்று அந்தோணிசாமி அதைக் கட்டிக்கொண்டு அழுதான்.

பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவளுக்கு ஒன்பது வருஷம் கழித்து மூச்சு வந்தது. மரமே போன பிறகு கேஸ் எங்கே? மாதாவே, இனி கிளியனூருக்குச் சொல்லி அனுப்பலாம்.

பத்து நாள் கழித்து, வக்கீலைப் பார்க்கப் போனவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான்.

“மண்ணை டெஸ்ட்டுக்குக் குடுத்தோம்ல? பூரா உப்பு! உப்பளத்துத் தண்ணியைக் கொண்டாந்து ஊத்தியே கொன்னிருக்கான். வேற யாரு, ராஜவேலுதான்! இனிமே கிரிமினல் கேஸு. அவனை உள்ள தள்ளாம விடமாட்டேன்.”

சவரியம்மாள் மூலையில் வெள்ளையாய் உப்புப் பூத்துக் கிடந்த குடத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். “மறுபடியும் கேஸா? எத்தினி வருஷம்ங்க?” என்றாள்.

“ஆவட்டுமே, பத்து வருஷம்! நீ ஏன் நடுங்குறே? தினம் மரத்துக்குத் தண்ணி ஊத்துனவளாச்சே, மொத சாட்சியே நீதான்!”