மாடத்தியின் இடது தோள்

12.9.2006, செவ்வாய். இன்று ஒரு பிழை செய்தேன். நோயாளிக் குறிப்பில் வலது தோள் என்பதற்கு இடது தோள் என்று எழுதிவிட்டேன். எதிரே இருப்பவரின் இடவலம் நமக்கு மாறித் தெரியும் என்று பாடத்திலேயே இருக்கிறது. தவறு முழுக்க என்னுடையது.

வகுப்பு கலைந்துகொண்டிருக்கும்போதே இசைவாணி இதை நாட்குறிப்பில் எழுதிவிட்டாள். ஆறவிட்டு எழுதினால் பிழைக்குச் சாக்கு சேர்ந்துவிடும்.

பகலில் சிவகாசி அச்சகத்தில் காலண்டருக்குத் தகரப்பட்டை அடிப்பவள் அவள். மாலையில் பிசியோதெரபி உதவியாளர் வகுப்பு.

வகுப்பெடுக்கும் ரத்தினசாமி சாருக்கும் பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்கும் ஓர் ஏற்பாடு. வலிக்காரப் பெண்களைக் கம்பெனி அனுப்பும். வகுப்புப் பிள்ளைகள் பார்க்க சார் கையால் மூட்டுச் சிகிச்சை செய்துகாட்டி, வேலைக்குத் தகுதி என்று சீட்டு எழுதுவார். சீட்டு இல்லாதவளுக்குத் தீபாவளி சீசன் முடியும்வரை கேட் திறக்காது.

இன்று வந்தவள் மாடத்தி. வெடித்தட்டைத் தலையில் வைத்துக் காயப்போடும் மேடைக்குக் கொண்டுபோகிறவள். தட்டைப் பிடிக்கக் கை எழும்பவில்லை.

நாட்டு வைத்தியர் பெத்தணனிடம் ஆறு மாதம் எண்ணெய் தேய்த்தாள் என்றதும் சாருக்குச் சிரிப்பு தாளவில்லை. எண்ணெய் கதவுக் கீலுக்கு ஆகும், தோளுக்கு ஆகாது என்றார்.

குறிப்பில் இருந்த இடது தோளைப் பற்றினார். இழுத்தார், உருட்டினார், அமுக்கினார். மூட்டு எங்கே இறுகியிருக்கிறதென்று தன் விரலுக்குத் தெரியும் என்றார். இருபது வருஷத்து விரலாம்.

பத்தே நிமிடம். தூக்கச் சொன்னார். கை காதை ஒட்டி நேராக நின்றது.

வகுப்பு கைதட்டியது. சார் சீட்டில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

மாடத்தி அதை இடது கையால் வாங்கினாள்.

மரியாதை தெரியாத சனம் என்று சார் முகம் சுளித்தார். அவளுடைய வலது கை விலாவோடு ஒட்டிக் கிடந்ததை இசைவாணி மட்டும் பார்த்தாள்.

எழுதி முடித்ததும் மாடிப்படியில் ஓடிப்போய் அவளை நிறுத்தினாள். மாற்றி எழுதியது தான்தான் என்று மன்னிப்புக் கேட்டாள். சாரிடம் சொல்லி மறுபடி பார்க்கச் சொல்வதாகச் சொன்னாள்.

மாடத்தி சீட்டை ரவிக்கைக்குள் செருகினாள்.

"நீ எங்கன தாயி தப்பா எழுதுன? இடதுன்னு காட்டுனதே நாந்தான். நல்ல தோளக் காட்டுனாத்தான சீட்டு கெடைக்கும்."

தட்டு சரிந்தால் என்ன ஆகும் என்று இசைவாணி கேட்டாள். போன வாரம் சரிந்தது, அதைப் பார்த்துத்தான் ஃபோர்மேன் இங்கே அனுப்பினார் என்று சொல்லிவிட்டு, மாடத்தி ஏழாயிரம்பண்ணை பஸ்ஸுக்கு இறங்கிப் போனாள்.

இசைவாணி படியிலேயே உட்கார்ந்து ஒரு வரி சேர்த்தாள்.

நாளை: காலை ஆறு மணி கம்பெனி வேனுக்கு முன் மாடத்தியக்கா வீடு. சார் இடது தோளுக்குச் செய்ததை வலது தோளுக்குச் செய்ய வேண்டும். மெதுவாக, அக்கா முகத்தைப் பார்த்தபடி.