நெருப்புக்கு வைத்த தண்ணீர்

“இண்டைக்கு ஆர் குடிச்சது பிள்ளை? ஆடோ, காகமோ?”

வெறும் வாளியைக் காலால் தட்டிக்கொண்டு கேட்டார் கனகலிங்கம்.

வேலிப் படலைக்குள் நின்ற பூரணம் தலையைக் குனிந்தாள். “கண்டுக்குட்டி, அண்ணை.”

“முந்தநாள் காகம், நேற்று ஆடு, இண்டைக்குக் கண்டுக்குட்டி. நாளைக்கு யானை வருமோ?”

கொழும்பில் யப்பான்காரன் குண்டு போட்ட வருஷம் அது. இங்கேயும் போடுவான் என்ற பயத்தில் சபை ஒரு தீயணைப்புப் படையைக் கூட்டி, வீட்டுக்கொரு சிவப்பு வாளியும் கொடுத்திருந்தது. எந்நேரமும் அதில் தண்ணீர் நிற்கவேண்டும். படையிடம் இருந்ததோ கையால் அடிக்கிற பம்பு ஒன்றே ஒன்று. அது வந்து சேருமுன் தென்னங்கிடுகு வேலி வழியே நெருப்பு அடுத்த தெருவுக்குப் போய்விடுமே!

இந்தத் தெருவின் பதினெட்டு வீட்டுக்கும் கனகலிங்கம் பொறுப்பு. எல்லாரையும் வழிக்குக் கொண்டுவந்துவிட்டார். பூரணத்தின் வாளி ஒன்றுதான் அவர் உயிரை எடுத்தது.

“நாளைக்குக் காலமை இன்ஸ்பெக்டர் தம்பிஐயா பாக்க வாறார். ஒரு வீடு பிழைச்சாலும் என்னைப் படையிலையிருந்து கலைக்கிறதெண்டு சொல்லிப்போட்டார். உனக்கு விளங்குதோ இல்லையோ?”

“விடியவும் நிரப்பினனான் அண்ணை.”

“இப்ப ஒருக்கால் நிரப்பு. உந்தக் கண்டுக்குட்டியை நானும் பாக்கவேணும்.”

பூரணம் வாளியை நிரப்பிப் படலைக்கு வெளியே வைக்க, அவர் எதிரே பூவரச மரத்துக்குப் பின்னால் போய் நின்றார். மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. ‘உதுவும் ஒரு உத்தியோகம்!’ என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

தோட்டத்தில் கூலிக்கு நிற்கிற நாலுபேர் வந்தார்கள். சாதியைச் சொல்லி அந்தத் தெருவார் எந்தக் கிணற்றையும் தொடவிடாத ஆட்கள். இடுப்பில் செருகியிருந்த தேங்காய்ச் சிரட்டையை எடுத்து, வாளியில் கோலிக் கோலிக் குடித்தார்கள். கடைசியாக நின்ற மனுசி வாளியைச் சரித்து அடித்தண்ணீரையும் வார்த்துக்கொண்டாள்.

“பூரணம்!”

அவர் போட்ட சத்தத்தில் நாலுபேரும் ஓட்டம்.

“எத்தினை நாளாய் இந்தக் கூத்து?”

“வாளி வந்த நாள் தொட்டு, அண்ணை.” “என்ரை செம்பிலை வார்த்தால் மாமி செம்பையும் எறிவா, என்னையும் எறிவா. உது சபையின்ரை வாளி. அதுக்கு ஆர் தீட்டுப் பாக்கிறது?”

“நெருப்புப் பிடிச்சால்?”

“நெருப்பு இன்னும் வரேல்லை அண்ணை. அவை ஒவ்வொரு நாளும் வருகினம்.”

கனகலிங்கத்தின் முகம் சிவந்துபோயிற்று.

“உந்தக் கதையை விடு! நாளையிலையிருந்து இந்த வாளியிலை ஒரு சிரட்டையும் படக்கூடாது. சொல்லிப்போட்டன்!”

சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறென்று நடந்தார்.

மறுநாள் காலை தம்பிஐயா சைக்கிளில் வந்து இறங்கினார். வாளி வாளியாகக் குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தார். கனகலிங்கம் பின்னால் போனார்.

பூரணத்தின் படலையடியில் சிவப்பு வாளி இரண்டு நின்றன. ஒன்றில் விளிம்பு முட்டத் தண்ணீர். மற்றதில் அரைவாசிதான், பக்கத்தில் ஈரச் சிரட்டை ஒன்று.

“இதென்ன, இங்கை மட்டும் ரெண்டு?”

“மூலை வீடு ஐயா. காத்துக் கூடின இடம். ஒண்டு போதாது.”

“ம்... நல்லது.”

தம்பிஐயா மேலே நடந்தார். தெருவின் கடைசி வீட்டில் அவர் கால் நின்றது. வாசலை மேலும் கீழும் பார்த்தார், முகம் கடுகடுத்தது.

“இங்கை வாளியே இல்லையே! பதினேழு வீட்டுக்காரர் கேக்கிற சொல்லை இவன் ஒருத்தன் கேக்கமாட்டானோ? ஆரின்ரை வீடு காணும் இது?”

“என்ரை வீடுதான், ஐயா.”