அபராதப் பலகாரம்

சுவரிலிருந்த பெரிய திரை திடீரென்று சிவப்பானது.

சாயங்காலம் ஆம்புலன்ஸ் ஆப் வெளியாக வேண்டும். ஆப்பைத் தானாகவே சோதிக்கும் டெஸ்ட் எல்லாம் பாஸாகித் திரை பச்சையாக இருந்தால்தான் அது நடக்கும்.

"யார் சிவப்பாக்கினது?" டீம் லீடர் ரோடெல் எழுந்து நின்று கத்தினான்.

"நான்தான், குயா." மரிகார் கையைத் தூக்கினாள். வேலை இன்னும் நிரந்தரமாகாத பெண். அந்த செபு நகரத்து ஆபீஸில் ரோடெல் எல்லோருக்கும் குயா, அதாவது அண்ணன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. திரையைச் சிவப்பாக்கியவர்தான் அத்தனை பேருக்கும் துரோன் வாங்கித் தர வேண்டும். சர்க்கரை உருகி ஒட்ட, மொறுமொறுவென்று பொரித்த வாழைப்பழச் சுருள்.

"ஆஹா, இன்னைக்கு மரிகார் செலவு!" ஒருவன் மேசையைத் தட்டினான். எல்லோரும் சிரித்தார்கள்.

ரோடெல் சிரிக்கவில்லை. "ஒரு நாள்கூட ஃபெயிலாகாத டெஸ்ட்டும்மா இது! உன் கை பட்டதும் ஊத்திக்கிச்சு. எதுக்குத் தொட்டே?"

"குயா, அது வந்து..."

"கதையெல்லாம் வேண்டாம். போய் துரோன் வாங்கிட்டு வா. அதையாவது ஒழுங்கா பண்றியான்னு பார்ப்போம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். ரோடெல் நேரே மேனேஜர் லூர்து மேடம் அறைக்குப் போனான்.

"இந்தப் பொண்ணு சரிப்பட்டு வராது, மேடம். இந்த மாசத்தோட அனுப்பிடலாம்."

மேடம் சரியென்று தலையாட்டினார்.

துரோன் வந்தது. ரோடெல் ஒரு வாய் கடித்துக்கொண்டே அவள் செய்த மாற்றத்தைத் திறந்து பார்த்தான். அவள் சேர்த்திருந்தது ஒரே வரி. ஆம்புலன்ஸ் டிரைவரின் பதில் வரும்வரை டெஸ்ட் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குமுன் அந்த டெஸ்ட் காத்திருந்ததே இல்லை. டிரைவரைக் கூப்பிட்டுவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள் 'பாஸ்' என்று முடித்துக்கொண்டு போயிருக்கிறது. எதையும் பார்க்காத டெஸ்ட் எப்படி ஃபெயிலாகும்?

காத்திருந்ததும் குட்டு வெளிப்பட்டது. டிரைவர் 'வர முடியாது' என்கிறார். நோயாளியின் போனிலோ 'ஆம்புலன்ஸ் வருகிறது' என்றே இருக்கிறது.

டெஸ்ட்டை எழுதியவர் பெயர் பக்கத்திலேயே இருந்தது. ரோடெல்.

அந்த ஒரு வரியை அழித்தால் திரை மறுபடி பச்சையாகிவிடும். யாருக்கும் தெரியாது. விரல் அழிக்கும் பட்டன்வரை போகவும் செய்தது. அப்படிப் போனதை நினைத்தபோதுதான் அவனை அவமானம் பிடுங்கித் தின்றது.

மேடம் அறைக்கு மறுபடி ஓடினான்.

"ரிலீசை நிறுத்துங்க, மேடம். மரிகாரைப் பத்திச் சொன்னதையும் மறந்துடுங்க. தப்பு என்னோடது. அவ அதைக் கண்டுபிடிச்சவ."

வெளியே வந்தபோது மரிகார் காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே அவனுக்குக் கூசியது.

"அவ்வளவு பேர் முன்னால உன்னைத் திட்டினேனே, மரிகார். அந்த டெஸ்ட் நான் எழுதினதுன்னு உனக்குத் தெரியும்தானே? அங்கேயே சொல்லியிருக்கலாமே?"

அவள் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு, ஆச்சரியத்தோடு அவனைப் பார்த்தாள்.

"எல்லார் முன்னாலயுமா, குயா?"